பாலக்கோட்டு அன்பருக்கு: 91-ஆம் நாள் ஜாமீன் பற்றி

ஏற்கெனவே இரண்டு அடிதடி வழக்குகள் நிலுவையில் இருந்தும், தங்கள் தம்பியை அரிவாளால் வெட்டியவர் 91-ஆம் நாளே ஊர் திரும்பியது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கொலை முயற்சி வழக்கில் ரிமாண்ட் (நீதிமன்ற ஆணைப்படியான காவல்) தொடங்கி 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆம் பிரிவின்படி, ஜாமீன்தாரர்களோடு வந்து கேட்பவரை நீதிமன்றம் விடுவித்தே ஆகவேண்டும். பழைய வழக்குகள் எத்தனை இருந்தாலும் அங்கே கணக்கில் வாரா. ஆகவே தங்கள் கோபம் நீதிபதியைவிடத் தாமதமான புலன்விசாரணையின் மீதே செல்வது நியாயம்.

அவர் வாசலில் நின்று மிரட்டுவதாக எழுதியிருப்பதுதான் எனக்குப் பெருங்கவலை. ஒவ்வொரு மிரட்டலையும் தேதியிட்டுப் புகாராகக் கொடுத்து, காவல் நிலையம் புகாரைப் பதிந்துகொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது பெற்று, தருமபுரி செஷன்ஸ் நீதிமன்றத்தில் அதே சட்டத்தின் 483(3)-ஆம் பிரிவின் கீழ் ஜாமீனை ரத்துசெய்யக் கோரி ஒரு வழக்கறிஞர் மூலம் உடனே மனுச்செய்யுங்கள்.