அல்சைமரில் சேரும் புரதங்களைச் செல்லால் ஏன் சிதைக்க முடிவதில்லை? விரதம் இருந்தால் மூளை சுத்தமாகுமா?

அம்மாவுக்கு அல்சைமர் என்று தெரிந்ததும் மருத்துவர் "மூளையில் தாவ், அமிலாய்டு என்ற புரதங்கள் சேர்ந்திருக்கின்றன" என்றார், செல்லுக்கு அவற்றை அழிக்கவே தெரியாதா, விரதம் இருந்தால் சரியாகும் என்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். செல் உயிரியல் ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் இதே பாதைகளோடு மல்லுக்கட்டியவன் நான். கடைசிக் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அம்மாவைப் பட்டினி போடாதீர்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

புரதங்களைச் சிதைக்கச் செல்லுக்கு நன்றாகவே தெரியும். உபிக்விட்டின் என்று ஒரு குட்டிப் புரதம் இருக்கிறது, மொத்தம் 76 அமினோ அமிலங்கள்தான். கெட்டுப்போன புரதத்தின் மேல் இது சங்கிலியாக ஒட்டப்படும். எதன் மேல் ஒட்டுவது என்று ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்க மட்டும் மனித செல்லில் சுமார் 600 வகை நொதிகள் உண்டு. ஒட்டியானதும் அது புரோட்டியாசோமுக்குப் போகும். புரோட்டியாசோம் ஒரு பீப்பாய் மாதிரி. வாய் மிகக் குறுகல், மடிந்த புரதம் அப்படியே உள்ளே நுழையாது. மூடியில் இருக்கும் மோட்டார், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, ஊசியில் நூல் கோப்பது போல மடிப்பைப் பிரித்து உள்ளே இழுக்கும். உள்ளே துண்டு துண்டாக வெட்டு விழும். இந்த உபிக்விட்டின் கதையைக் கண்டுபிடித்ததற்காகத்தான் சீகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

இந்த வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது எனக்குப் புரிந்தது ஒரு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, தேடும் புரதம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை) செய்தபோதுதான். ஒரு தட்டு செல்களை அப்படியே விட்டேன். இன்னொரு தட்டில் புரோட்டியாசோமை அடைக்கும் எம்ஜி132 மருந்தைச் சேர்த்தேன். ஆறு மணி நேரம் கழித்து இரண்டையும் உடைத்து, ஜெல்லில் ஓட்டி, உபிக்விட்டின் ஒட்டிய புரதம் எவ்வளவு என்று பார்த்தேன். முதல் தட்டு ஓடிய லேனில், அதாவது ஜெல்லின் தடத்தில், லேசான சாம்பல் நிறம். அடுத்த லேனில் மேலிருந்து கீழ்வரை அடுப்புக்கரி பூசியது போல ஒரே கறுப்பு. செல் தினமும் சத்தமில்லாமல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது அவ்வளவும்.

அப்படியென்றால் தாவ் மட்டும் ஏன் தப்பிக்கிறது? தனித்தனியாக இருக்கும்வரை தப்பிப்பதில்லை. ஒன்றோடொன்று பின்னி இழையாகிவிட்டால்தான் சிக்கல், பிரித்து இழுக்க நுனி அகப்படாது. 1987இல் அல்சைமர் மூளையில் உள்ள தாவ் முடிச்சுகளைச் சோதித்தவர்கள் அவற்றில் உபிக்விட்டினைப் பார்த்தார்கள். அதாவது "இதை அழி" என்ற சீட்டைச் செல் ஒட்டியிருக்கிறது, எடுத்துப்போகத்தான் முடியவில்லை. அதைப் படித்த அன்று எனக்கு மனசு கனத்துப்போனது. முடிவதைச் செய்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்த செல் அது.

சரி, கட்டியாகிவிட்டால் இரண்டாவது வழி இருக்கிறது, ஆட்டோஃபேஜி. இரட்டைச் சவ்வு ஒன்று வளர்ந்து கட்டியைச் சுற்றிப் பையாக மூடிக்கொள்ளும். அந்தப் பை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு சேரும். லைசோசோமின் உள்ளே பிஎச் 5க்குக் கீழே, நல்ல அமிலம். அந்த அமிலத்தில்தான் அங்குள்ள நொதிகள் ஒழுங்காக வேலை செய்யும். ஈஸ்ட்டில் இதற்கான மரபணுக்களைக் கண்டுபிடித்த ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்தது. 2006இல் ஜப்பானில் இரண்டு குழுக்கள் எலிகளின் நரம்பு செல்களில் மட்டும் இந்த வழியை நிறுத்திப் பார்த்தன. நோய்க்கான மரபணு எதையும் அந்த எலிகளுக்குள் வைக்கவில்லை. ஆனாலும் செல்லுக்குள் கட்டிகள் வந்தன, எலிகள் நடையில் தடுமாறின.

நரம்பு செல்லுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி? தோல் செல் பிளந்து இரண்டானால் குப்பையும் பாதி பாதியாகும், நரம்பு செல் பிளவதில்லை. அப்புறம் அதன் நீளம். ஆக்சான் என்ற அதன் நீண்ட இழையின் நுனியில் உருவாகும் பை, செல்லின் உடலை நோக்கி நுண்குழாய்த் தண்டவாளத்தில் பயணம் செய்ய வேண்டும். நுண்ணோக்கியில் அந்தப் பைகளைப் பச்சையாக ஒளிரவைத்துப் பார்த்திருக்கிறேன். நொடிக்கு அரை மைக்ரோமீட்டர் அளவில், ஒரே திசையில், நிதானமாக ஊர்ந்து வரும். பத்து சென்டிமீட்டர் கடக்க இரண்டு நாளுக்கு மேல். முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை போகும் ஒரு மீட்டர் ஆக்சான் என்றால் மூன்று வாரம் தாண்டும். அந்தத் தண்டவாளத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரதங்களில் ஒன்றுதான் தாவ் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

என் வழிகாட்டி முதல் மாதமே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். பச்சைப் புள்ளி நிறைய தெரிந்தால் ஆட்டோஃபேஜி கூடிவிட்டது என்று துள்ளாதே. லைசோசோமின் அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தாலும் புள்ளிகள் பெருகும், ஏனென்றால் பைகள் செரிக்காமல் தேங்கும். அல்சைமர் மூளையில் நடப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை என்றுதான் நான் நினைக்கிறேன். 2005இல் ரால்ஃப் நிக்சனின் குழு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வீங்கிய நரம்பிழைகள் முழுக்க அரைகுறையாகச் செரித்த பைகள் அடைந்து கிடந்தன. அதே குழு 2022இல், அமிலாய்டு படிவு வெளியே தெரிவதற்கு முன்பே எலிகளின் நரம்பு செல்களில் லைசோசோமின் அமிலம் குறைந்துவிடுவதைக் காட்டியது. அள்ளும் வேலை நடக்கிறது, செரிமானம்தான் நின்றுபோகிறது.

மரபணுக்களும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. புரோகிரானுலின் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டால் முன்மூளை மறதி நோய் வரலாம், இரண்டுமே கெட்டால் இளம் வயதிலேயே லைசோசோம் நோய். லைசோசோம் நொதி ஒன்றைத் தரும் ஜிபிஏ மரபணுவில் ஒரு பிரதி பழுதானாலும் லூயி உடல் மறதி நோய் என்ற இன்னொரு வகை மறதி நோய்க்கான ஆபத்து கூடுகிறது.

அமிலாய்டு விஷயம் கொஞ்சம் வேறு. அது பெரும்பாலும் செல்லுக்கு வெளியே சேர்கிறது. நெப்ரிலைசின் போன்ற நொதிகளும், மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவும் அதை அப்புறப்படுத்துகின்றன. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் என்ற மருந்து இந்த வேலைக்குத்தான் கைகொடுக்கிறது. ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களிடம் 18 மாதங்களில் நோயின் சரிவை ஏறக்குறைய 27 சதவீதம் மெதுவாக்கியது. போன நினைவைத் திருப்பித் தராது, மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. அம்மாவுக்குப் பொருந்துமா என்பதை அவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இனி விரதம். பட்டினி ஆட்டோஃபேஜியைத் தூண்டும் என்பது உண்மை, எலியின் கல்லீரலில் பளிச்சென்று தெரியும். மூளையில் அப்படியில்லை. பட்டினி போட்ட எலிகளின் மூளையில் ஒரு குழு மாற்றமே காணவில்லை, இன்னொரு குழு கண்டது. மனிதர்களில் விரதம் மறதி நோயைத் தடுத்ததாகவோ திருப்பியதாகவோ நிரூபணம் இல்லை. அதோடு அடைப்பு செரிமானம் என்ற கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது முன்பக்கம் இன்னும் பைகளைத் திணித்து என்ன பயன்? அல்சைமர் வந்தவர்களுக்கு எடை தானாகவே குறையும், சாப்பிட்டோமா என்பதே மறந்துபோகும். சர்க்கரை மருந்து எடுப்பவராக இருந்தால், பட்டினியில் ரத்தச் சர்க்கரை இறங்கிக் குழப்பம் இன்னும் மோசமாகும். அம்மாவை வேளாவேளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.