துலாவும் தாளும்: படச் சமநிலை பற்றிச் சில கேள்விகள்

தாளின் இடப்பக்கம் பெரிய பனை ஒன்று கீறினேன். வலப்பக்கம் வெறும் வயல். படம் சரிந்து விழப்போகிற மாதிரி இருக்கு என்று ரீச்சர் சொல்கிறா. வலப்பக்கமும் ஒரு பனை கீறட்டுமா?
(உயர்தர மாணவி, சாவகச்சேரி)

வேண்டாம். ஒரே அளவில் இரண்டு பனை நின்றால் படம் சரியாது, உண்மைதான். ஆனால் எந்தப் பனையைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் அலையும்.

உங்கள் பக்கம் பழைய துலாக் கிணறு மிச்சம் இருந்தால் ஒருதரம் போய்ப் பாருங்கள். துலாமரத்தைத் தாங்கும் ஆடுகாலுக்குப் பின்பக்கம் கட்டை, தடிப்பு, பாரம். முன்பக்கம் நீளம், மெல்லிசு. இரண்டு பக்கமும் ஒன்றில்லை, ஆனாலும் துலா சமன்படுகிறது. தாளிலும் அப்படித்தான்: நடுவில் இருந்து எட்டப் போகப் போகச் சின்னப் பொருளுக்கும் பாரம் கூடும். கருமை, பளிச்சென்ற நிறம், நெருக்கமான கோடுகள், தனித்து நிற்கும் உருவம் எல்லாம் கண்ணுக்குப் பாரம். மனித உருவம் இன்னும் பாரம்.

அதனால் வலப்பக்க ஓரமாக, வயல் வரம்பில், சிவப்புச் சேலையோடு ஒரு ஆளைக் கீறுங்கள். சுண்டுவிரல் நகமளவு போதும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 அளவில் வெளியிட்ட பேரலை அச்சுப்படத்தைத் தேடிப் பாருங்கள். இடப்பக்கம் முழுக்க அலை எழும்பி நிற்கிறது. அதற்கு ஈடுகொடுப்பது நடுவுக்குச் சற்று வலப்புறம் சின்னதாகத் தெரியும் பூஜி மலையும், அதற்கு மேலே விரிந்த வானமும். வெறுமையும் பாரம் தாங்கும். உங்கள் வயலை நிரப்பிவிடாதீர்கள்.

முடித்ததும் படத்தை முகக்கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத சரிவு அதில் தெரிந்துவிடும்.

அம்மம்மாவின் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் நானே வடிவமைத்தேன். படம் இடப்பக்கம், எழுத்து வலப்பக்கம். ஏதோ ஒட்டவில்லை.
(சுன்னாகம்)

அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். அம்மம்மா இடப்பக்கம், தாளுக்கு வெளியே பார்க்கிறா. முகம் பார்க்கும் திசைக்குத்தான் நம் கண்ணும் போகும், அதனால் பாரம் முழுவதும் வெளியே ஓடுகிறது. படத்தை வலப்பக்கம் மாற்றி, அவ எழுத்தைப் பார்க்கும்படி வையுங்கள். தயவுசெய்து கணினியில் இடம் வலம் புரட்டிவிடாதீர்கள். சேலைத் தலைப்பு தோள் மாறிவிடும், முகத்து மச்சம் மறுகன்னத்துக்குப் போய்விடும். ஊரார் என்ன பிழை என்று சொல்லமாட்டார்கள், ஆனால் அது அவ முகமாக இராது. பிள்ளைகளுக்கு அது வலிக்கும்.

இன்னொன்று: பெயர், திகதி, ஊர், உறவுகள் எல்லாமே தடித்த எழுத்தில் இருக்கின்றன. பெயரை மட்டும் தடிப்பாக விடுங்கள்.

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை நேர் முன்னால் நின்று கீறினால் முத்திரை மாதிரி விறைப்பாக வருகிறது.
(கொக்குவில்)

1959இல் திறந்த அந்தக் கட்டடத்தின் அழகே நடுவில் குவிமாடமும் இருபுறமும் ஒத்த சிறகுகளும்தான். கம்பீரம் அந்தச் சமச்சீரில் இருந்து வருகிறது, அதைக் குறை என்று நினைக்காதீர்கள். கட்டடத்தை அப்படியே விட்டு, காலை வெயிலை ஒரு பக்கத்தில் இருந்து விழுத்துங்கள். ஒரு சிறகு வெளிச்சம், மற்றது நிழல். விறைப்புத் தளரும். ஆனால் நடுக்கோட்டை முதலில் போட்டு அளந்துதான் கீறவேண்டும். சமச்சீரில் ஒரு நூல் பிசகினாலும் கண் பிடித்துவிடும்.

பிறேமில் சரி நடுவில் வைத்த படம் கீழே இறங்கித் தெரிவது ஏன்?
(நல்லூர்)

கண்ணுக்கு நடு என்பது அளவுகோல் காட்டும் நடுவைவிடச் சற்று மேலே. சுற்றியுள்ள மட்டை மேலே 2 அங்குலம் என்றால் கீழே இரண்டரை விடச் சொல்லுங்கள். அச்சிட்ட 8 ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பல எழுத்துருக்களில் மேல் வளையத்தைச் சிறிதாகவே வைத்திருப்பார்கள். நேராக இருக்கும்போது அது தெரிவதில்லை.