சைபர் செக்யூரிட்டியில் எம்.டெக் படிக்கலாமா, சான்றிதழ்களே போதுமா?

பி.இ. முடித்திருக்கிறீர்கள். கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக் சேர்வதா, ஓஎஸ்சிபி (ஊடுருவல் சோதனைக்கான சான்றிதழ்) மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக வேலைக்குப் போவதா என்பது உங்கள் கேள்வி. நான் இரண்டையும் யோசித்து எம்.டெக் படித்தவன். என் பதில்: படியுங்கள், ஆனால் எதற்காக என்று தெரிந்து படியுங்கள்.

சேர்வதற்கு முன் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் ஆறு மாதம் பணம் கட்டிப் படித்தேன். ஹேக்கிங் கருவிகள் நிறைந்த காளி லினக்ஸில் எந்தக் கட்டளைக்குப் பின் எதை அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் பதில் வராது. அந்த 'ஏன்' எனக்கு எம்.டெக் முதல் செமஸ்டரில்தான் கிடைத்தது.

சிராக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வென்லியாங் டூ 2002இல் தொடங்கிய சீட் லேப்ஸ் பயிற்சிகளை எங்களுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒன்று பஃபர் ஓவர்ஃப்ளோ. நினைவகத்தில் ஒதுக்கிய சின்ன இடத்தில் அளவு பார்க்காமல் நிறைய எழுத்துகளைக் கொட்டினால், அவை வழிந்து, ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்துவைத்த முகவரியையே அழித்துவிடும். அந்த இடத்தில் நம் முகவரியை எழுதினால் புரோகிராம் நாம் சொன்ன இடத்துக்குப் போகும். புரோகிராமை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் ஜிடிபி டீபக்கருக்குள் ஓட்டினால் எனக்குச் சரியாக வந்தது, வெளியே ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று புரோகிராம் செத்துவிடும். இரண்டு ராத்திரி இதே கதை. கடைசியில்தான் புரிந்தது: ஜிடிபி தன் பங்குக்குச் சில என்விரான்மென்ட் வேரியபிள்களை (புரோகிராமுக்குக் கொடுக்கப்படும் அமைப்பு விவரங்களை) சேர்க்கிறது. அவையும் ஃபங்ஷன்கள் பயன்படுத்தும் ஸ்டாக் என்ற அதே நினைவகப் பகுதியில்தான் உட்காருகின்றன, அதனால் முகவரி நகர்ந்துவிடுகிறது. முகவரியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதும் திரையில் $ போய் # வந்து நின்றது. ரூட் ஷெல், அதாவது முழுக் கணினியும் என் கையில்! நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

மறுநாள் எங்கள் பேராசிரியர் மேடம் பார்த்துவிட்டு, "சரிப்பா, உடைச்சாச்சு. இனி உடையாம இருக்க என்ன செய்வே?" என்றார். பயிற்சிக்காக நாங்கள் அணைத்துவைத்திருந்த கம்பைலர் பாதுகாப்பைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். "ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்" என்று புரோகிராம் நின்றது. அவர் விடவில்லை. திரும்பும் முகவரிக்கு முன்னால் அந்தப் பாதுகாப்பு காவலுக்கு வைக்கும் ரகசிய எண்ணான கேனரி மதிப்பே வேறொரு ஓட்டை வழியாகக் கசிந்தால்? இந்தக் கேள்விகளில் நிற்கப் பழக்குவதுதான் எம்.டெக். 1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் புழு (தானாகப் பரவும் புரோகிராம்), பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சர்வரில் புகுந்ததும் இதே பஃபர் ஓவர்ஃப்ளோ தவறால்தான். அங்கே இருந்தது 512 பைட் இடம். அதை எழுதியவரும் ஒரு முதுகலை மாணவர், கார்னெல் பல்கலைக்கழகத்தில்.

ஓஎஸ்சிபியைக் குறைத்துச் சொல்லவில்லை. தேர்வில் கிட்டத்தட்ட 24 மணி நேரம் விழித்திருந்து உடைத்து, அப்புறம் அறிக்கையும் எழுத வேண்டும். அனுமதியோடு உடைத்துப் பார்த்து ஓட்டைகளைச் சொல்லும் ஊடுருவல் சோதனை வேலை மட்டும் போதும் என்றால் அதுவே நல்ல வழி. பாதுகாப்பான சிஸ்டத்தை வடிவமைக்கவும், கிரிப்டோகிராஃபியிலோ ஹார்ட்வேரிலோ ஆழமாக இறங்கவும் ஆசை இருந்தால் எம்.டெக்.

பணம்: கேட் மதிப்பெண்ணோடு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) அங்கீகாரமுள்ள இடத்தில் முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரில் 'சைபர்' இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பாடத்திட்டத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் கிரிப்டோவுக்கான கணிதமும் உண்டா, லேப் உண்மையில் நடக்கிறதா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள்.

கற்றதை அடுத்தவர் சர்வரில் ஒருபோதும் முயலாதீர்கள். அனுமதியில்லாமல் கெட்ட நோக்கத்தோடு நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். உங்கள் லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் போதும். சீட் லேப்ஸ் இலவசம்தான். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அந்தப் பஃபர் ஓவர்ஃப்ளோ பயிற்சியை இந்த வாரமே செய்து பாருங்கள்.