வேட்டை ரைஃபிளுக்கு லேமினேட் ஸ்டாக் போடலாமா, வால்நட்டே போதுமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். கையில் ஒரு பழைய மவுசர் 98 ஆக்‌ஷன் வைத்திருக்கிறார், அதாவது தோட்டாவை ஏற்றிச் சுடும் இரும்புப் பாகம். மான் வேட்டைக்குத் தன் உடம்பு அளவுக்கு ஒரு ரைஃபிள் கட்டிக்கொள்ள ஆசை. ஸ்டாக் என்ற மரப்பகுதிக்கு லேமினேட், அதாவது அடுக்கடுக்காக ஒட்டிய கட்டை போட்டால் அது எந்த ஈரத்துக்கும் அசையாது என்கிறார்களே, நிஜமா என்று கேட்கிறார்.

லேமினேட்டே போடுங்கள். ஆனால் அந்த ‘அசையாது’ என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நான் மிச்சிகனில் இருக்கிறேன், மரவேலை பழக்கம் உண்டு, நண்பர்களுக்கு ஸ்டாக் வேலை செய்து கொடுப்பேன். இங்கே மான் துப்பாக்கி சீசன் நவம்பர் 15 அன்று தொடங்கும். ஆகஸ்ட் புழுக்கத்தில் குறி சரிபார்த்து வைத்த வால்நட் ரைஃபிள், நவம்பரில் ஹீட்டர் ஓடும் வீட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது வேறு இடத்தில் சுடும் என்ற புலம்பலை எல்லா வருஷமும் கேட்கலாம். காரணம் எளிது. மரம் ஈரம் குடித்துக் காயும்போது பேரலுக்கு (குழாய்க்கு) அடியில் உள்ள முன்கட்டை லேசாக முறுக்கி அதை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. குறி விலக அந்தத் தள்ளல் போதும்.

லேமினேட் என்பது பர்ச் மரத்தை உருட்டிச் சீவிய மெல்லிய தகடுகள். ஒவ்வொன்றும் சுமார் 1.6 மி.மீ. சாயம் ஏற்றி, பிசின் தடவி, பலமான அழுத்தத்தில் ஒட்டுகிறார்கள். இரண்டு அங்குலக் கட்டையில் முப்பதுக்கு மேல் அடுக்கு வரும். சாதாரண பிளைவுட்டில் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைப்பார்கள். ஸ்டாக் கட்டையில் ரேகை பெரும்பாலும் நீளவாக்கிலேயே ஓடும். அதனால் குறுக்கே வீங்குவது முழுக்க நின்றுவிடாது. உண்மையில் வால்நட்டை விட பர்ச் அதிகம் சுருங்கும் மரம்: பச்சை மரம் முழுதாகக் காயும்போது அகலவாக்கில் கறுப்பு வால்நட் 7.8%, மஞ்சள் பர்ச் 9.5%. பிறகு என்ன லாபம்? ஒற்றைப் பலகைக்கு ஒரே பிடிவாதம் இருக்கும். முப்பது அடுக்கில் ஒவ்வொன்றும் வேறு பக்கம் இழுத்து, இழுவை அடிபட்டுப் போகும். கட்டை கொஞ்சம் வீங்கினாலும் முறுக்காது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

உங்கள் மவுசருக்கு இது புதிதும் இல்லை. 1930களின் இறுதியிலேயே ஜெர்மனியில் மவுசர் 98 வகையான கார்98கே ராணுவ ரைஃபிளுக்கு பீச் மர லேமினேட் ஸ்டாக் போட ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல வால்நட்டைப் பதப்படுத்தக் காலம் பிடிக்கும், ராணுவத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் வெர்மான்ட்டின் ரட்லண்ட் பிளைவுட் ஆலைதான் இந்தக் கட்டைகளுக்குப் பெரிய ஊற்று. அது 2014 ஆகஸ்ட்டில் தீப்பிடித்து எரிந்ததும் ஸ்டாக் செய்பவர்கள் எல்லாரும் திண்டாடினார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பேரல் மாட்டுவது, தோட்டா உட்காரும் சேம்பரை வெட்டுவது, அதில் தோட்டா சரியான அளவில் உட்காருகிறதா என்று ஹெட்ஸ்பேஸ் பார்ப்பது, இவற்றையெல்லாம் தொழில் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் (கன்ஸ்மித்) விடுங்கள். அதில் தப்பு நடந்தால் முகத்துக்கு நேரே வெடிக்கும். மரவேலை உங்களுடையதாக இருக்கட்டும்.

முக்கால்வாசி குடைந்த கட்டையாகவே வாங்கலாம். மீதியைக் குடைய நல்ல வழி, ஆக்‌ஷனின் அடியில் கறுப்பு மை தடவி, குழியில் அழுத்தி எடுத்து, மை ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சுரண்டுவது. மறுபடி மை, மறுபடி சுரண்டல். பிசின் இருப்பதால் உளி முனை சீக்கிரம் மழுங்கும், பக்கத்திலேயே சாணைக்கல் இருக்கட்டும். தூசிக்கு மாஸ்க் கட்டாயம்.

வெளிப்பக்கத்தை வடிவாக்கும்போதுதான் லேமினேட்டின் குணம் தெரியும். வளைவு வரும் இடங்களில் அடுக்குகள் நில வரைபடத்தின் உயரக்கோடுகள் போல விரியும். கைப்பிடியின் இடதுபக்கம் வலதை விட ஒரு நூல் அதிகம் அரம் பட்டாலும், அந்தப் பக்கக் கோடு தனியாக வீங்கி நிற்கும். வால்நட்டில் யாருக்கும் தெரியாத கோணலை இது ஊருக்கே காட்டும். நான் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி, கோடுகளைப் பார்த்தே இழைப்பேன். அளவுகோலை விட அது நம்பகமானது. பிடிப்புக்காகக் கட்டம் கட்டமாக வெட்டும் அலங்காரத்தை மட்டும் லேமினேட்டில் தவிர்த்துவிடுங்கள். பசைக்கோடு தட்டித் தட்டி வெட்டு பிசிறும்.

அப்புறம் பெட்டிங். சுடும்போது வரும் உதையைத் தாங்கும் இரும்புப் பல்லான ரிகாயில் லக் உட்காரும் இடத்தில் எபாக்ஸி ஊற்றி, ஆக்‌ஷன் துளி இடைவெளியில்லாமல் பதியும்படி செய்வது. இரும்பில் ரிலீஸ் ஏஜென்ட் (ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) ஒழுங்காகத் தடவவில்லை என்றால் ஸ்டாக்கும் ஆக்‌ஷனும் ஆயுசுக்கும் ஒன்றாகிவிடும். ஸ்க்ரூ போகும் இடங்களில் அலுமினியக் குழாய் வைத்தால் இறுக்கும்போது மரம் நசுங்காது. பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டு தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும்.

கடைசியில் பாலிஷ். வெளியே பளபளவென்று பூசிவிட்டு உள்ளே பச்சையாக விடுபவர்கள்தான் அதிகம். பேரல் பள்ளம், மேகசின் குழி, ரப்பர் பேடுக்குப் பின்னால் தெரியும் வெட்டுமுனை, ஸ்க்ரூ ஓட்டை, எல்லாவற்றுக்கும் சீலர் அடியுங்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும்.

எடை ஒன்றுதான் குறை. அதே அளவு வால்நட்டை விட கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை கூடும். மரத்தடியிலோ பரண் மேலோ உட்கார்ந்து மானுக்குக் காத்திருப்பவருக்கு அது பாரமே இல்லை, .30-06 தோட்டா உதைக்கும்போது தோளுக்கு நல்லதுகூட. ராக்கி மலை ஏறி எல்க் என்ற பெரிய மானைத் தேடப் போகிறவராக இருந்தால் என் பேச்சைக் கேட்காமல் ஃபைபர் ஸ்டாக் வாங்குங்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனவிலங்கு வேட்டை குற்றம், உரிமம் இல்லாமல் துப்பாக்கி கட்டுவதும் குற்றம். அமெரிக்காவில் ரிசீவர் என்ற இரும்பு உடல்தான் சட்டப்படி துப்பாக்கி, ஸ்டாக் வெறும் மரம் என்பதால் வீட்டுக்கே பார்சலில் வரும்.

ஆர்டர் போடுமுன் உங்கள் மவுசரில் தடிமன் படிப்படியாகக் குறையும் ராணுவப் பேரல் இருக்கிறதா, வேட்டைக்கென மாற்றிய மெல்லிய பேரல் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தின் அளவு அதைப் பொறுத்தது. ட்ரிகர் கார்டு ராணுவத்துடையதா, பிறகு மாற்றியதா என்பதையும் விற்பவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.