பீகாருக்குப் போகிறேன் என்கிறாள் மகள்

வணக்கம் அம்மா. போன வாரம் மகளோடு படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தீர்கள். பேசி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். ஏ லெவல் முடிந்ததும் பொருளியல் படித்து, பீகார் மாதிரி ஒரு கிராமப்புற மாநிலத்தில் வேலைவாய்ப்பை உருவாக்கப் போகிறேன் என்கிறாள். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இதெல்லாம் சோறு போடுமா சார்?" என்று கேட்டீர்கள்.

வேலை உருவாக்குவது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. அவளிடமும் இதைத்தான் சொன்னேன். முகம் சுருங்கிப் போனது.

இங்கே சிங்கப்பூரில், தேக்காக் கடைகளில் பாக்கெட்டில் விற்கிறார்களே மக்கானா, அல்லி வகைச் செடியின் விதைப் பொரி, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விளையும் மக்கானாவில் பெரும்பகுதி பீகாரில்தான், தர்பங்கா, மதுபனி பக்கத்துக் குளங்களில். ஆட்கள் தண்ணீரில் இறங்கி, அடிச்சேற்றைத் துழாவி விதையை அள்ளுகிறார்கள். காயவைத்து, அளவுவாரியாகச் சலித்து, வறுத்து, சூட்டோடு கட்டையால் தட்டினால்தான் வெள்ளையாகப் பொரியும். பெரும்பாலும் கைவேலை. 2022இல் மிதிலா மக்கானாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சரி, பொரியை மூட்டையாகக் கட்டி வெளியூருக்கு அனுப்பிவிட்டால்? மசாலா தடவுவது, பாக்கெட் போடுவது, கப்பலேற்றுவது எல்லாம் வேறு ஊர்க்காரருக்குப் பிழைப்பாகிவிடும். 2011 கணக்கெடுப்பில் பீகாரில் நூற்றுக்கு 88 பேருக்கு மேல் கிராமவாசிகள். அவர்களுடைய பிள்ளைகளைத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் போய்ப் பாருங்கள். மசாலா, பாக்கெட் வேலைகளையெல்லாம் பீகாரிலேயே தங்க வைக்க, பொரிக்கும் இயந்திரம் செய்பவர் வேண்டும், உணவுத் தரம் பார்ப்பவர் வேண்டும், கணக்கு எழுதுபவர் வேண்டும், சிங்கப்பூரில் வாங்குகிறவரிடம் விலை பேசத் தெரிந்தவர் வேண்டும். இதில் உன் இடம் எது என்றுதான் அவளைக் கேட்டேன்.

குஜராத்தின் ஆனந்தில் அமுல் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன் கிண்டியில் பொறியியல் படித்தவர். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்ததால், அதற்கு ஈடாக அரசு சொன்ன இடத்தில் வேலை பார்க்கும் ஒப்பந்தத்தை, அதாவது பாண்டைக் கழிக்க 1949இல் வேண்டாவெறுப்பாகத்தான் அங்கே போனார். (ஸ்காலர்ஷிப் பாண்ட் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.) பாலைப் பற்றிக் கனவெல்லாம் கண்டவரில்லை, ஆனால் இயந்திரம் தெரியும்.

அதனால் பொருளியல் மட்டும் போதாது என்பது என் கருத்து. என்யுஎஸ்ஸில், அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், உணவு அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது. அதை முதன்மையாக எடுத்து, பொருளியலைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். பீகார் ஆசை இரண்டு வருடத்தில் ஆறிப்போனாலும் கை வெறுமையாக இருக்காது. சாப்பாட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிற நாட்டில் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. சம்பளம், வங்கிக்குப் போகிற தோழியைவிட ஆரம்பத்தில் குறைவாகத்தான் இருக்கும். அதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் ஒன்று. தேர்வு முடிந்தால் ரிசல்ட் வரும்வரை சும்மாதான் இருப்பாள். உடனே தர்பங்காவுக்கு அனுப்புங்கள் என்று சொல்லி உங்களுக்கு மயக்கம் வரவழைக்க மாட்டேன். மன்னார்குடி பக்கம் மாமனார் வீடு இருக்கிறது என்றீர்களே, பொங்கலை ஒட்டி ஒரு மாதம் அங்கே இருக்கட்டும். விடியற்காலையில் ஊர்ப் பால் சங்கத்தில் போய் நிற்கட்டும். பால் எப்படி அளக்கிறார்கள், கொழுப்பு எப்படிப் பார்க்கிறார்கள், பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது, மாட்டுத் தீவனத்துக்குப் போக என்ன மிஞ்சுகிறது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும்.

அந்த நோட்டோடு மறுபடி வாருங்கள். இந்த முறை அவளை வெளியே உட்கார வைக்க வேண்டாம்.