மனசு காலியாகும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: கரூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 42. கல்லூரியில் படித்தபோது வாட்டர்கலர் நன்றாக வரைவேன். இப்போது மறுபடி தொடங்க ஆசை. ஆனால் இரவு பத்து மணிக்குப் பேப்பரை எடுத்து வைத்தாலே கேஸ் புக் பண்ணணும், பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்கு ஃபீஸ் கட்டணும், மாமியாருக்கு பிரஷர் மாத்திரை தீரப்போகிறது என்று வரிசையாக ஞாபகம் வருகிறது. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். தியான வகுப்பில் சேர்ந்தால் மனசு தெளியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மனதில் குப்பை எதுவும் இல்லை. கேஸ், ஃபீஸ், மாத்திரை எல்லாமே யாராவது செய்தே ஆகவேண்டிய வேலைகள். பகலெல்லாம் அவற்றை நினைக்க நேரமில்லை. வீடு அடங்கியதும், மறந்துவிடப் போகிறாளே என்ற பயத்தில் மனசு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. அடக்கப் பார்த்தால் இன்னும் சத்தமாகச் சொல்லும்.

இதற்கு வழி இருக்கிறது. முடிக்காத வேலை ஒன்று மனதைக் குடையும்போது, அதை எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டம் போட்டுவிட்டாலே குடைச்சல் அடங்குகிறது என்று மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2011-ல் காட்டினார்கள். வேலையை முடிக்கக்கூட வேண்டியதில்லை. 2018-ல் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 57 பேரைப் படுக்கும் முன் 5 நிமிடம் எழுதச் சொன்னார்கள். இனி செய்யவேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

அந்த விவரம்தான் முக்கியம். ‘ஸ்கூல் ஃபீஸ்’ என்று மட்டும் எழுதினால் அது நோட்டிலும் இருக்கும், தலையிலும் இருக்கும். ‘வியாழன் மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே ஃபீஸ் கட்டணும், ரசீதை அவனுக்கு அனுப்பணும்’ என்று எழுதிப் பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். செல்போனில் எழுத வேண்டாம், கை நேராக வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுக்கியதுமே எழுதிவிடுங்கள். காலையில் அதைக் கட்டாயம் திறந்து பாருங்கள். பார்க்காமல் விட்டால் மனசு அந்த நோட்டை நம்பாது, பழையபடி தானே சுமக்க ஆரம்பித்துவிடும்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். கடைக்குப் போய் வாங்கி வருவது சின்ன வேலை. அட்டையில் இன்னும் எத்தனை மிச்சம் என்று பார்ப்பது, போன தடவை டாக்டர் டோஸ் மாற்றியதை ஞாபகம் வைத்திருப்பது, வாங்கச் சொல்வது, வாங்கியாச்சா என்று கேட்பது, இதெல்லாம்தான் நாள் முழுக்க உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் 35 தம்பதியரிடம் பேசி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், முடிவெடுக்கும்போது கணவனும் மனைவியும் சேர்ந்துகொள்கிறார்கள், முன்கூட்டி யோசிப்பதும் முடிந்ததா என்று கவனிப்பதும் பெரும்பாலும் மனைவி தலையில்தான் விழுகிறது என்கிறார். நம் நாட்டில் அதே ஆண்டு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களுக்கு 97. வங்கியில் உட்கார்ந்தபடி நீங்கள் மாத்திரையைப் பற்றிக் கவலைப்படும் நேரம் இப்படிப்பட்ட கணக்கில் ஏறவே ஏறாது.

அதனால் கணவரிடம் ‘மாத்திரை வாங்கிட்டு வாங்க’ என்று கேட்காதீர்கள். ‘அத்தையோட மாத்திரை இனிமே உங்க பொறுப்பு’ என்று மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். அட்டையைப் பார்ப்பது, சீட்டைப் பத்திரமாக வைப்பது, டாக்டரிடம் கூட்டிப் போவது எல்லாம் அதில் அடக்கம். அவர் பெற்ற தாய்தானே. பத்து நாள் மாத்திரை கூடுதலாக வாங்கி வைத்துவிட்டு ஒப்படையுங்கள், அவர் ஒருமுறை மறந்தாலும் அத்தைக்கு ஆபத்து வராது. அப்புறம் எட்டி எட்டிப் பார்க்கக் கூடாது. இதுதான் கஷ்டம், எனக்குப் புரிகிறது. ஆனால் எட்டிப் பார்க்கும்வரை அந்த வேலை உங்களுடையதாகவே இருக்கும். கேஸ் புக்கிங்கை மகனிடம் கொடுங்கள். பிளஸ் ஒன் பையனால் முடியாத காரியமா அது?

வரைய இரவு பத்து மணி உங்களுக்குச் சரிப்படாது என்று நினைக்கிறேன், உடம்பே ஓய்ந்துபோயிருக்கும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை. அந்தக் காலையில் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் படத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். பாதியில் தடுக்கப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே மனிதர்கள் திரும்ப எடுத்துச் செய்ய முனைகிறார்கள் என்று மரியா ஓவ்சியாங்கினா என்ற உளவியலாளர் 1928-லேயே எழுதியிருக்கிறார். அதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். அமராவதிக் கரையை வரைகிறீர்கள் என்றால், வானத்துக்கு வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு) கொடுத்து, காய்ந்ததும் தென்னையின் தண்டை மட்டும் போட்டு, ஓலையை விட்டுவிடுங்கள். பேப்பரை போர்டில் ஒட்டியபடியே, நடமாடும்போது கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். கேஸை நினைத்த மனசு ஓலையையும் நினைக்கட்டும். நடுவில் ஒரு நாள் பத்து நிமிடம் கிடைத்தால் கை தானாக அங்கே போகும்.

தியானம் நல்லதுதான். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைக் காலைகள். அவற்றை வகுப்புக்குக் கொடுக்காதீர்கள், வரையுங்கள்.