நாற்றங்கால் பச்சை எங்கே போச்சு?

நான் எடுத்த நாற்றங்கால் படம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நல்ல கிளிப்பச்சை. போட்டோ கிளப் போட்டியன்று திரையில் பார்த்தால் வாடிப்போன கீரை மாதிரி இருக்கிறது. புரொஜெக்டர் கோளாறா சார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவையாறு

புரொஜெக்டரைத் திட்டாதீர்கள் ஐயா, அநேகமாகக் கோளாறு நீங்கள் அனுப்பிய ஃபைலில்தான். கேமரா மெனுவில் கலர் ஸ்பேஸ் என்று ஒன்று இருக்கும், படத்தில் எவ்வளவு நிறம் அடங்கும் என்று சொல்கிற ஏற்பாடு, அதில் அடோபி ஆர்ஜிபி என்பதை வைத்திருப்பீர்கள், யாராவது "அதுதான் பெரிசு, அதை வையுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். பெரிசுதான், அதிலும் பச்சைப் பக்கம்தான் ரொம்பப் பெரிசு. ஆனால் 1998-ல் வந்த அந்த ஏற்பாடு அச்சு வேலையை மனதில் வைத்துச் செய்தது. கிளப்பில் படம் ஓட்டுகிற சாதாரண புரோகிராம் பலவும் எது வந்தாலும் எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளுக்கான சின்ன கலர் ஸ்பேஸ்) என்றே எடுத்துக்கொள்ளும், அப்போது முதலில் சாகிறது பச்சைதான். நம் ஊரில் பச்சையை விட்டால் படத்தில் வேறு என்ன இருக்கிறது!

எனக்கும் நடந்திருக்கிறது. அம்மாபேட்டைப் பக்கம் மூன்று விடியற்காலை வரப்பில் நின்று எடுத்த குறுவை நடவு, நாற்று முடிச்சில் சொட்டுகிற தண்ணீர்கூடத் தெரியும். நடுவர் "கலர் பத்தலையே" என்று ஒரே வார்த்தையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

போட்டோஷாப்பில் 'கன்வர்ட் டு ப்ரொஃபைல்' போய் எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றிவிட்டு ஜேபெக்காகச் சேமியுங்கள். பக்கத்திலேயே 'அசைன் ப்ரொஃபைல்' இருக்கும், அதைத் தொடாதீர்கள், அது நிறத்தை மாற்றித் தராது, சரக்கை அப்படியே வைத்துவிட்டு மூட்டையின் லேபிளை மட்டும் மாற்றும். ரா ஃபைலாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுப்பவர் என்றால் கேமராவில் எது இருந்தாலும் கவலையில்லை, எக்ஸ்போர்ட் செய்யும்போது எஸ்ஆர்ஜிபி கொடுத்தால் போதும். அப்புறம், லேப்டாப் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்துக்கொண்டு படத்தைச் சரிசெய்யாதீர்கள், உங்களுக்குச் சரியாகத் தெரிகிற படம் திரையில் இருட்டிக்கொண்டு போகும்.

பெரிய கோயில் விமானத்தை நெட்டுக்குத்தலாக எடுத்து 1280-க்கு 1920 பிக்சல் அளவில் போட்டிக்கு அனுப்பினேன். விதியில் 1920-க்கு 1080 என்றுதானே இருக்கிறது, நீளப்பக்கம் 1920 சரியாகத்தானே வைத்தேன்? திருப்பிவிட்டார்கள்.
– தஞ்சாவூர் வாசகர்

அந்த விதியில் முதல் எண் அகலம், இரண்டாவது உயரம். திரையை யாரும் உங்களுக்காக நிமிர்த்தி வைக்கப் போவதில்லை. அகலம் 1920-ஐயும் உயரம் 1080-ஐயும் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். உங்கள் படம் 720-க்கு 1080 ஆக வேண்டும். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த விமானத்துக்கு 1080 பிக்சல்தானா என்று மனசு கேட்காது, என்ன செய்வது. சின்னதாக்கிய பிறகு லேசாக ஷார்ப்பன் செய்யுங்கள் (விளிம்புகளைக் கூர்மையாக்குவது), முன்னால் செய்தால் கல் வேலைப்பாடெல்லாம் மழுங்கிவிடும். 72 டிபிஐயா 300 டிபிஐயா (அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று சிலர் சண்டையே போடுவார்கள், திரைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பிக்சல் கணக்குதான் கணக்கு. திருத்தம் ஏதாவது என்றால் அந்தச் சின்ன ஜேபெக்கையே திறந்து திறந்து சேமிக்காமல் மூலப் படத்திலிருந்து புதிதாக எடுங்கள்.

கோடியக்கரையில் எடுத்த பூநாரைப் படத்தில் ஓரமாக ஒரு வலைக்கம்பு நின்றது. அதை அழித்துவிட்டு இயற்கைப் பிரிவுக்கு அனுப்பலாமா அண்ணா?
– கல்லூரி மாணவி, வேதாரண்யம்

கூடாதும்மா. உங்கள் கிளப் எஃப்ஐஏபி (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), பிஎஸ்ஏ (அமெரிக்கப் புகைப்படச் சங்கம்) விதிகளைப் பின்பற்றினால் (பெரும்பாலும் அப்படித்தான்) இயற்கைப் பிரிவில் படத்திலுள்ள எதையும் அழிக்கவோ சேர்க்கவோ நகர்த்தவோ முடியாது. ஓரத்தில்தானே நிற்கிறது, கிராப் செய்து வெட்டிவிடுங்கள், அதற்குத் தடை இல்லை. சென்சார் தூசியைத் துடைப்பது, புள்ளிபுள்ளியாகத் தெரியும் நாய்ஸைக் குறைப்பது, முழுப்படத்தையும் கறுப்பு வெள்ளையாக்குவது எல்லாம் சரி. வெட்டினால் பறவையின் இறக்கையும் போகிறது என்றால் கம்பை அழித்துவிட்டுப் பொதுப் பிரிவுக்கு அனுப்புங்கள், அங்கே கேட்க மாட்டார்கள். கறுப்பு வெள்ளையில் பூநாரையின் இறக்கையை மட்டும் சிவப்பாக விட்டுவிட்டு மோனோ என்கிற ஒற்றை நிறப் பிரிவுக்கு அனுப்பும் ஆசை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள், ஒரு இடத்தில் நிறம் தொட்டால் அது கலர் படம்.

படத்தின் மூலையில் என் பெயர் போடலாமா?
– மன்னார்குடி வாசகர்

வேண்டாம். யார் படம் என்று தெரியாமல்தான் நடுவர் மார்க் போட வேண்டும்.

செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், படம் தெளிவாக இல்லை என்கிறார். என்னிடம் இருப்பது பளிச்சென்று இருக்கிறதே?
– நாகப்பட்டினம் வாசகர்

போட்டோவாக அனுப்பியிருப்பீர்கள், வாட்ஸ்அப் அதைப் போகிற வழியிலேயே சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லை மெயிலில் போடுங்கள். அனுப்பும் முன்னால் ஃபைல் பெயரை விதியில் சொன்னபடி மாற்றிவிடுங்கள், 'டிஎஸ்சி 0457' என்று கேமரா வைத்த பெயரிலேயே பத்துப் பேர் அனுப்பினால் அந்தச் செயலாளர் இரவெல்லாம் உட்கார்ந்து யாருடையது எது என்று தேட வேண்டியிருக்கும்.